நாற்பதாம் ஆண்டுப் போர்வை

அண்ணன் அனுப்பிய பார்சலைப் பிரித்தவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உள்ளே இருந்தது ஒரு பனியன். எப்போதோ ஒரு ஓட்டப்பந்தயத்தில் அவன் போட்டுக்கொண்டு ஓடியது. கையில் எடுத்தால் மீன்குஞ்சு மாதிரி நழுவுகிற துணி. முதுகு முழுக்க ஏதோ குளிர்பானத்தின் விளம்பரம்.

"பருத்தித் துணி அனுப்பு, பருத்தித் துணி அனுப்புன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இதப் போய் எப்படித் தைக்கிறது? ஊசி வச்சா வழுக்கும், இஸ்திரிப் பெட்டி வச்சா உருகும்."

சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்ட கணவர் நிமிர்ந்து பார்த்தார். குளிர் தொடங்கியதிலிருந்து அந்த மேஜை துணிகளுக்கும் தையல் மெஷினுக்கும் சொந்தமாகிவிட்டது. அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. இண்டு இடுக்கில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர் என்பதால் குறை சொல்லவில்லை.

"பந்தயத்துல ஜெயிச்சிருப்பாரு, அதான் ஞாபகமா அனுப்பியிருக்காரு" என்றார்.

"எங்க ஜெயிச்சான்? பாதி வழியில கால் பிடிச்சுக்கிட்டு யாரோ கார்ல கொண்டாந்து விட்டாங்க."

அவள் மூன்று பிள்ளைகளில் நடுப்பெண். மேலே ஒரு அண்ணன், கீழே ஒரு தங்கை. பிறந்த வீட்டில் அவளை 'நடு' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனும் தங்கையும் வெளியூரில் இருக்க, அப்பா அம்மா இருக்கும் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள்தான். ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, குழாய் ஒழுகினால் ஆள் பிடிப்பது, அம்மாவின் போனில் அழிந்துபோன படங்களைத் தேடிக் கொடுப்பது எல்லாம் அவள் தலையில்தான் விடியும். பகலெல்லாம் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அதே கண்ணை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோப்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள். குடும்பத்தில் நடந்த நல்லது பொல்லாதது எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டுத் துணி எடுத்து, இரட்டைக் கட்டில் முழுக்க மூடுகிற மாதிரி ஒரு ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். அண்ணன், தங்கை இருவரும் "சூப்பர்" என்று போனில் கைதட்டும் பொம்மைப் படங்களை அனுப்பினார்கள். அதற்குப் பிறகு துணி வருமா என்றால், வரவில்லை. தங்கை ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, தன் குழந்தை முதன்முதலில் நடந்த அன்று போட்டிருந்த கவுனை அனுப்பினாள். கூடவே போன்.

"அக்கா, கவுனை வெட்டிராத. எனக்கு மனசு தாங்காது."

"வெட்டாம எப்படிடி போர்வையில தைக்கிறது? கையும் கழுத்துமா அப்படியே தொங்க விடவா?"

"ஏதாவது பண்ணுக்கா. உனக்குத் தெரியாததா?"

அந்த 'உனக்குத் தெரியாததா' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கையின் கவுனில் அடிமடிப்புக்காக உள்ளே மடித்திருந்த துணியைப் பிரித்து, வெளியே தெரியாமல் அதிலிருந்தே ஒரு பூ வெட்டி எடுத்தாள். அண்ணன் பனியனுக்கு அடியில் மெல்லிய துணி ஒட்டி, அதை ஒருவழியாக நகராமல் நிறுத்தினாள். மீதித் துணியெல்லாம் அவளே தேடிப் பிடித்தவை. அப்பா முதல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கட்டம்போட்ட சட்டை, சொந்த வீட்டுக்கு வந்த அன்று அம்மா மாட்டிய மஞ்சள் திரைச்சீலை, மூன்று பேரும் அடுத்தடுத்துப் போட்டுத் தேய்த்த பள்ளி யூனிஃபார்ம் சட்டை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அம்மா கழித்துக்கட்டிய மூட்டையில் அம்மாவின் கல்யாண உடையே கிடந்தது. ஒரு பக்கம் பூச்சி அரித்து, மறுபக்கம் இன்னும் ரோஜா நிறம் மங்காமல். அதை வெட்டி நடுவில் ஒரு பெரிய நட்சத்திரமாக வைத்தாள். சுற்றிலும் மற்றதெல்லாம்.

மேல்துணி முடிந்து, நடுவில் பஞ்சு விரித்து, அடித்துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்து முடிப்பதற்குள் அவள் கழுத்து பிடித்துக்கொண்டது. மெஷினில் ஊசி உடைந்தது. சிந்திய குண்டூசி ஒன்று கணவரின் குதிகாலில் ஏறியது. அவர் நொண்டிக்கொண்டே, "கல்யாண நாள் அவங்களுக்கு, காயம் எனக்கா?" என்று கேட்டதற்கு அவள் சிரிக்கக்கூட இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து, ஓரப்பட்டி மட்டும் பாக்கி என்று போர்வையை விரித்துப் பார்த்த அன்று, கணவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். நட்சத்திரத்தைத் தொடப் போய், கையில் எண்ணெய் என்று பின்னால் கட்டிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இனித்தது.

ஓரப்பட்டி வைப்பதற்கு முன் அப்பா அம்மாவின் கட்டிலை ஒருமுறை அளந்துவிட வேண்டும். போர்வை பக்கத்துக்கு எவ்வளவு தொங்கும் என்று தெரிந்தால் பட்டியின் அகலத்தை முடிவு செய்யலாம். அவள் ஞாயிறுதோறும் போகிறவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மா பின்னாலேயே சுற்றுவாள். டேப்பை எடுத்தால் ஏன் எதற்கு என்று துருவுவாள். ஒரு வாரநாளில் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் மக்கர் செய்ததால் மத்தியானமே போகச் சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் தூங்குகிற நேரம். தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருடி மாதிரி உள்ளே நுழைந்தாள்.

படுக்கையறையில் ஜன்னல் திறந்து கிடந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. இரட்டைக் கட்டிலின் நடுமத்தியில் அம்மா கையையும் காலையும் விரித்துப் போட்டு, நான்கு மூலைக்கும் சொந்தக்காரியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பா இல்லை. அப்பாவின் பக்கத்து முக்காலியில் அவர் மூக்குக்கண்ணாடி இல்லை, மாத்திரை டப்பா இல்லை. அம்மாவின் முகக்கிரீமும் உரித்த ஆரஞ்சுத் தோலும் இருந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஹாலுக்கு அப்பால், அவளும் தங்கையும் படித்து வளர்ந்த சின்ன அறையிலிருந்து குறட்டை. கதவை மெல்லத் தள்ளினாள். ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது. அறை இட்லிப் பானைபோலப் புழுங்கியது. தங்கையின் பழைய கட்டிலில் அப்பா கழுத்துவரை மூடிக்கொண்டு, வயிற்றின் மேல் வெந்நீர்ப் பை வைத்து, காதருகில் ரேடியோ முனகிக்கொண்டிருக்க, குழந்தை மாதிரி வாய் திறந்து தூங்கினார். பாடப்புத்தகம் வைத்திருந்த அலமாரியில் அவருடைய சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. பல்செட் டம்ளரும் அங்கேயே.

ஒரு நாள் மத்தியானத்துக்கு யாரும் சட்டையெல்லாம் குடிமாற்ற மாட்டார்கள். சமையலறைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். கை தவறி மூடி கீழே விழுந்தது.

"யாரது?" அம்மா தலைமுடியை ஒதுக்கியபடி வந்தாள். "நீயா? போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

"அப்பா ஏம்மா அந்த ரூம்ல படுத்திருக்காரு?"

"மத்தியானம் சும்மா சாஞ்சிருப்பாரு."

"பல்செட்டோடயா?"

அம்மா அடுப்பைக் குறைத்தாள். பிறகு, "ஆறேழு வருஷம் இருக்கும்" என்றாள், பால்காரரை மாற்றிய விஷயத்தைச் சொல்வதுபோல.

"சண்டையாம்மா?"

"ஒரே ரூம்ல இருந்தப்பதான்டி சண்டை. இப்ப என்ன சண்டை? நிம்மதியா இருக்கோம்."

பேச்சுச் சத்தத்தில் அப்பா எழுந்து வந்தார். மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "மாட்டிக்கிட்டோமா?" என்று கேட்டார்.

"உங்க குறட்டை காட்டிக் குடுத்துருச்சு" என்றாள் அம்மா.

ஒரு குளிர்காலம் அம்மாவுக்கு விடாத இருமல் வந்ததாம். அவள் தூங்கட்டும் என்று அப்பா தலையணையை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போனார். "அன்னிக்கு ஒரு தூக்கம் தூங்கினேன் பாரு, கல்யாணத்துக்கு முன்னால தூங்கினதுக்கு அப்புறம் அப்பதான்" என்றார் அப்பா, டீயை ஊதியபடி. "உங்கம்மாவுக்கு ஜன்னல் திறந்திருக்கணும். ஐஸ்பெட்டிக்குள்ள படுத்த மாதிரி இருக்கும் எனக்கு." இருமல் நின்ற பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

"அப்ப அண்ணனும் தங்கச்சியும் வந்து தங்கும்போது?"

"தலையணையைத் தூக்கிக்கிட்டு உங்கம்மா ரூமுக்குப் போயிருவேன். அவங்க ஊருக்குப் போறவரைக்கும் ரெண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது."

ஞாயிறுதோறும் சின்ன அறைக் கதவு சாத்தியிருக்க, படுக்கையறைக் கட்டிலில் இரண்டு தலையணைகள் ஜோடியாகச் சாய்ந்திருந்ததை எத்தனையோ முறை பார்த்தவள் அவள். பார்த்து மனசுக்குள் நெகிழ்ந்துகூடப் போயிருக்கிறாள். எல்லாம் நாடகம். பக்கத்திலேயே இருந்து ஓடி ஓடிச் செய்கிறவளுக்கே தெரியாமல் நடத்திய நாடகம். அவள் வாயைவிட்டாள்.

"நான் உங்களுக்காக ராப்பகலா கழுத்து ஒடிய ஒரு போர்வை தச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து. இவ்வளவு பெரிசு!"

அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. "போர்வையா? நீயேவா? என் கண்ணே!" என்று கன்னத்தைப் பிடித்தாள். பிறகு அவள் பார்வை படுக்கையறைப் பக்கம் போனது, சின்ன அறைப் பக்கம் போனது. "அவ்வளவு பெரிசுன்னா இனி யாருக்குடி ஆகும்? ரெண்டா வெட்டிடேன். ஆளுக்கு ஒண்ணு."

ஆரஞ்சை உரித்துப் பங்கு போடுகிற குரலில் சொன்னாள்.

"அம்மா, அது கேக் இல்ல!"

"உனக்குத் தெரியாததா?" என்றார் அப்பா, ஆதரவாக.

அவள் டீயைக் குடிக்காமல் எழுந்தாள். வாசல்வரை வந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பெரியவன்கிட்ட சொல்லிடாத. அவன் தாங்க மாட்டான். சின்னவகிட்ட சொன்னா ஊர் பூரா சொன்ன மாதிரி."

"என்கிட்ட மட்டும் சொன்னா பரவாயில்லையா?"

"உன்கிட்ட எங்க சொன்னோம்? நீயாதான வந்து பார்த்த!"

தெருவில் இறங்கி நடக்கும்போது குளிர்காற்று காதை அறுத்தது. அளவெடுக்கும் டேப் பையில் அப்படியே இருந்தது. அவள் தன்பாட்டுக்குத் திட்டிக்கொண்டே பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

போர்வை நான்கு நாள் நாற்காலியின் மேல் மடித்துக் கிடந்தது. அப்படியே கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். கொடுத்தால் என்ன ஆகும்? மடித்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவார்கள். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டு பேரும் பழைய கம்பளியில் நிம்மதியாகத் தூங்குவார்கள். கணவர் தயங்கித் தயங்கி, "நாம வச்சுக்கிட்டு அவங்களுக்கு வேற எதாவது வாங்கிக் குடுத்துரலாமே" என்றார். அவள் பார்த்த பார்வையில், ஏதோ லிஃப்ட் நின்றுவிட்டதாக ஞாபகம் வந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் யாரும் இல்லாத அந்தக் காலையில் அவள் மேஜையைத் துடைத்தாள். போர்வையை விரித்து, மேலிருந்து கீழாகச் சாக்கட்டியால் கோடு போட்டாள். கோடு நட்சத்திரத்தின் நடுவில் போனது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் நட்சத்திரம் தப்பும். ஆனால் ஒரு போர்வை ஒல்லியாகி யாருடைய காலோ வெளியே நிற்கும். வலப்பக்கம் நகர்த்தினால் யூனிஃபார்ம் துண்டெல்லாம் சின்னாபின்னம். கோட்டை அழித்தாள், போட்டாள், அழித்தாள். கடைசியில் அது நடுவிலேயே நின்றது.

கத்தரிக்கோல் மூன்று அடுக்கையும் சேர்த்துக் கடிக்கும்போது வந்த சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. ரோஜா நிறத் துணியைத் தாண்டும்போது நிறுத்தி, மூக்கை உறிஞ்சிவிட்டு, ஒரேயடியாக வெட்டி முடித்தாள். அவ்வளவு பாடுபட்டுப் போட்ட தையல்கள் வெட்டிய ஓரத்தில் நூல்நூலாகப் பிரிந்து நின்றன. அதையெல்லாம் மறுபடி முடிச்சிட்டு, இரண்டுக்கும் தனித்தனியே பட்டி வைத்துத் தைத்தாள். ஒரு போர்வைக்கு இருந்த நான்கு ஓரம் இப்போது எட்டு ஓரமாகிவிட்டதை நினைத்து நினைத்து எரிச்சலானாள்.

கல்யாண நாளன்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வெளியே மூடுபனி இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. உள்ளே ஹீட்டர், அடுப்பில் சூப், தரையில் தங்கையின் குழந்தை. நல்ல பகல்தான். சாப்பிட்டு முடித்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும் அவள் இரண்டு பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

"ரெண்டா?" என்றான் அண்ணன். அவனே பிரித்தான். ஒன்றை விரித்தான், மற்றதை விரித்தான், இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தான். பாதி நட்சத்திரமும் பாதி நட்சத்திரமும் சேர்ந்தன. அவனுடைய பனியனில் இருந்த விளம்பரத்தின் முதல் எழுத்துகள் ஒன்றிலும் மிச்சம் மற்றதிலும் கிடந்தன. "ஏய் நடு, பெரிய போர்வைன்னுதான சொன்ன? யாரு இதை இப்படி வெட்டினது?"

"அளவு தப்பாயிருச்சாக்கா?" என்றாள் தங்கை, பரிதாபமாக.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழந்தையின் சாக்ஸை மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஹீட்டரின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஆமா. தப்பாயிருச்சு" என்றாள்.

அண்ணன் சும்மா விட்டிருக்கலாம். அவனுக்கு அன்றைக்கு நல்ல மூடு. "லென்ஸையெல்லாம் இப்படித்தான் அளக்கிறியா? அதான் ஊர்ல பாதிப் பேரு தடுக்கி விழுறான்" என்றான். தங்கையின் கணவர் சிரித்தார். காபி வந்தபோது ஒருமுறை, படம் எடுத்தபோது ஒருமுறை, டம்ளரில் பாதிக் காபியைக் காட்டி ஒருமுறை என்று விடாமல் அதையே இழுத்தான். அவள் சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். குழாய்த் தண்ணீர் விரலை மரக்கவைத்தது. பின்னாலேயே கணவர் வந்து, "நான் சொல்லிரவா?" என்று கேட்டார். "வாய மூடிக்கிட்டு இருங்க" என்றாள். அவருக்கு அதுவும் பழக்கம்தான்.

ஹாலில் அண்ணன் மறுபடி ஆரம்பிப்பது கேட்டது. "அடுத்த வருஷம் இன்னொரு வெட்டு வெட்டி, ஆளுக்கு ரெண்டு தலையணை உறை..."

"போதும்டா!" அம்மாவின் குரல். "அவ ஒண்ணும் தப்பா அளக்கல. நாங்கதான் வெட்டச் சொன்னோம். நானும் உங்கப்பாவும் ஒரே கட்டில்ல படுத்து வருஷக்கணக்காச்சு. போதுமா?"

அவள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். அண்ணன் வாய் திறந்தபடி இருந்தான். தங்கை கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அப்பா, "குறட்டைதான்மா, வேற ஒண்ணுமில்ல" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அப்போது அண்ணி ஒரு பெருமூச்சு விட்டாள். அதிகம் பேசாதவள். "அப்பாடா! நாங்களும் அப்படித்தான் அத்தை. உங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பீங்களோன்னு இவ்வளவு நாளா பயந்துக்கிட்டிருந்தேன்."

"நீ எதுக்கு இப்ப அதையெல்லாம்..." என்று அண்ணன் பதறினான். அவன் காது சிவந்துவிட்டது. அப்பா முதலில் சிரித்தார். பிறகு அம்மா. தங்கை அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்தாள்.

அம்மா ஒரு பாதியை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு தடவிப் பார்த்தாள். "இது என் கல்யாணத் துணியாச்சே! இதுல பாதியை இவருக்கு ஏன்டி குடுத்த?"

"பாதியில்லாம? நாற்பது வருஷம் சும்மாவா இருந்தேன்?" என்று அப்பா தன் பாதியை மார்போடு இழுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம்வரை இருவரும் அதைக் கழற்றவே இல்லை. அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். முழுப் போர்வை எப்படி இருந்தது என்று யாருமே கேட்கவில்லை. ஒருமுறையாவது 'ஐயோ, வெட்டிவிட்டாயே' என்று ஒருவராவது சொல்வார்கள் என்று அவள் காத்திருந்தாள். அண்ணன் விடைபெறும்போது அவளைப் பார்க்காமல், "நல்லாத்தான் தச்சிருக்க" என்றான். அண்ணி செருப்பு மாட்டிக்கொண்டே மெதுவாக, "எங்களுக்கும் இதே மாதிரி ரெண்டு தச்சுத் தர்றியா? ஒண்ணும் அவசரமில்ல, அடுத்த குளிருக்குள்ள போதும்" என்றாள்.

ஒரு வாரம் கழித்து, கடையில் ஒரு குழந்தையின் கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா.

"நடு, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? உங்கப்பாவோடதுல பஞ்சு கூட வச்சிருக்கியா? அவரோடது நல்லா கனமா, கதகதன்னு இருக்கு. என்னோடது அப்படி இல்லையே."

"அம்மா, ரெண்டும் ஒரே பஞ்சும்மா! ஒரே போர்வைம்மா!"

"அப்படித்தான் அவரும் சொல்றாரு. எனக்கென்னவோ நம்பிக்கையில்ல. ஞாயித்துக்கிழமை வரும்போது தையலைப் பிரிச்சு ஒருதடவை பார்த்துடேன்."

அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அம்மாவின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் ஜன்னலைச் சாத்தச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் அதற்கும் ஒரு மணிநேரம் பதில் வரும். கண்ணாடியை எடுத்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். லென்ஸ் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது.